எட்டே நிறத்தில் ஒரு திண்ணை: குறைந்த வண்ணங்களில் டிஜிட்டல் படம் வரைவது எப்படி?

படத்தை முழுக்க வரைந்துவிட்டு, கடைசியில் ‘நிறத்தைக் குறை’ என்று ஒரு பட்டனை அமுக்கினால் சாயம் போன துணி மாதிரி ஒன்றுதான் கிடைக்கும். எட்டு நிறத்தில் படம் வேண்டுமென்றால், முதல் புள்ளி வைக்கும் முன்பே அந்த எட்டும் கையில் இருக்க வேண்டும். எந்த நிறம் எத்தனை வேலை பார்க்கும் என்பதும் அப்போதே முடிவாகியிருக்க வேண்டும். இதில் சிரமமான பகுதி அந்தத் தேர்வுதான். வரைவதற்குப் பொறுமை இருந்தால் போதும்.

இந்தக் கட்டுப்பாடு முதலில் நினைவகப் பற்றாக்குறையால் வந்தது. 1982-இல் வந்த இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் கணினியின் திரை 256×192 புள்ளிகள் (பிக்சல்கள்) கொண்டது. ஒரு புள்ளிக்கு 16 நிறம் என்று கொடுத்தால் திரைக்கு மட்டுமே 24,576 பைட் தேவை. அதன் விலை குறைந்த மாடலில் இருந்த மொத்த நினைவகமே 16 கிலோபைட். அதனால் புள்ளிகளுக்கு 6,144 பைட், நிறத்துக்கு வெறும் 768 பைட் என்று பிரித்தார்கள். 8×8 கட்டம் ஒவ்வொன்றிலும் இரண்டே நிறம். பச்சை மரத்துக்கு முன்னால் மஞ்சள் ஆள் நடந்தால் மரமும் கட்டம் கட்டமாக மஞ்சளாகும். 1989-இல் வந்த கேம் பாய் என்ற கையடக்க விளையாட்டுக் கருவிக்கு 160×144 புள்ளிகளும் நாலு சாயலும்தான். இன்றைக்கு அந்த நெருக்கடி இல்லை. ஆனாலும் பிக்சல் விளையாட்டு, ஒரு நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன் (அச்சு வலை) என்று கணக்குப் போடும் டி-ஷர்ட் அச்சு, கறுப்பு வெள்ளை சிவப்பு மட்டும் காட்டும் மின்தாள் பலகை என்று தேவை இருந்துகொண்டேதான் இருக்கிறது.

பயிற்சிக்கு ஒரு சின்னக் காட்சி: மாலை வெயில், சிவப்புத் தரை போட்ட திண்ணை, சுண்ணாம்பு அடித்த சுவர், இருட்டான வாசல், வாசலோரம் ஒரு பித்தளைச் செம்பு, தள்ளி ஒரு மரம். அளவு 96×64 பிக்சல். முடிந்ததும் 10 மடங்கு பெரிதாக்கினால் 960×640.

முதலில் வெளிச்சம், பிறகுதான் நிறம்

புதிதாக வருபவர்கள் பேலட், அதாவது நிறத் தட்டு, என்றதும் சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள் என்று ஆளுக்கு ஒன்றாகப் பொறுக்குவார்கள். எட்டும் பளிச்சென்று இருக்கும். படத்தில் ஒன்றும் பிடிபடாது. வடிவத்தைக் கண்ணுக்குக் காட்டுவது வெளிச்ச வேறுபாடு. நிறம் அதற்குப் பின்னால் வருவது. ஆகவே ஒவ்வொரு நிறத்துக்கும் வெளிச்ச எண்ணைக் கணக்குப் போட்டு எழுதிக்கொள்ளுங்கள். சிவப்பு மதிப்பை 0.299-ஆலும், பச்சையை 0.587-ஆலும், நீலத்தை 0.114-ஆலும் பெருக்கிக் கூட்டினால் 0 முதல் 255 வரை ஒரு எண் வரும். பச்சைக்கு அவ்வளவு பங்கு ஏனென்றால், நம் கண் பச்சையைத்தான் அதிக வெளிச்சமாக உணர்கிறது. நீலத்தை எவ்வளவு ஏற்றினாலும் எண் பெரிதாக அசையாது.

நம் காட்சிக்கான எட்டு நிறங்கள் இவை. அடைப்பில் இருப்பவை சிவப்பு, பச்சை, நீல மதிப்புகள். கடைசி எண் வெளிச்சம்.

1. இருள் நீலம் (26, 20, 48) – 25
2. கத்தரிப்பூப் பழுப்பு (74, 36, 64) – 51
3. செங்கல் (138, 64, 50) – 85
4. மங்கிய நீலப்பச்சை (60, 110, 120) – 96
5. பித்தளை (204, 124, 48) – 139
6. சாம்பல் நீலம் (140, 176, 172) – 165
7. வெயில் மஞ்சள் (240, 196, 92) – 197
8. பால் வெள்ளை (252, 240, 208) – 240

இதை எட்டுத் தனி நிறங்களாகப் பார்க்காதீர்கள். இரண்டு ஏணிகள் இருக்கின்றன. சூடான ஏணி 1, 2, 3, 5, 7, 8 என்று ஆறு படி. குளிர்ந்த ஏணி 1, 2, 4, 6, 8 என்று ஐந்து படி. அடியில் இரண்டும் உச்சியில் ஒன்றும் பொது. எட்டை வைத்துக்கொண்டு பதினொரு படி ஏறுவது இப்படித்தான். ஏணி எல்லாம் ஒரே அடியில் ஊன்றி நிற்பதால் படமும் தானாக ஒட்டும். தரையின் நிழலும் மரத்தின் நிழலும் ஒரே கத்தரிப்பூப் பழுப்பு என்பதால் இரண்டும் ஒரே மாலையில் இருப்பதாகத் தோன்றும்.

நிழலை நீலம், ஊதா பக்கமும், வெளிச்சத்தை மஞ்சள் பக்கமும் சாய்த்திருப்பதைக் கவனியுங்கள். ஒரே செங்கல் நிறத்தில் கறுப்பைக் கலந்து நிழலும் வெள்ளையைக் கலந்து வெளிச்சமும் செய்தால், படம் புகைபிடித்த மாதிரி இருக்கும். சுத்தக் கறுப்பும் சுத்த வெள்ளையும் இந்தத் தட்டில் இல்லாததும் வேண்டுமென்றே செய்ததுதான். மாலை வெளிச்சத்தில் இரண்டும் துருத்திக்கொண்டு நிற்கும்.

ஒரு ஏணியில் அடுத்தடுத்த படிகளுக்கு நடுவே 25-க்குக் குறையாத இடைவெளி வையுங்கள். அதற்குக் கீழே போனால் சின்னப் பரப்பில் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். ஒரு நிறம் வீண். வேறு வேறு ஏணியில் இருக்கும் 3-க்கும் 4-க்கும் இடைவெளி 11தான். அது தெரிந்தே விட்டது. ஏன் என்று பின்னால் பார்க்கலாம்.

நிறம் தேர்ந்தெடுக்கும்போது போனிலோ கணினியிலோ இரவு விளக்கு, கண் பாதுகாப்பு என்று திரையை மஞ்சளாக்கும் வசதி ஓடினால் முதலில் அணைத்துவிடுங்கள். அதை மறந்து பார்த்துப் பார்த்துத் தேர்ந்த மஞ்சள், மறுநாள் காலையில் எலுமிச்சைப் பச்சையாகச் சிரிக்கும்.

ஃபைலைத் திறப்பது

பிக்சல் படம் வரைவதற்கான ஏஸ்ப்ரைட் மென்பொருள் இருந்தால் வேலை சுலபம். காசு கொடுக்க வேண்டாம் என்றால் அதிலிருந்து பிரிந்து வந்த லிப்ரேஸ்ப்ரைட் போதும். கிம்ப் என்ற இலவசப் பட மென்பொருளிலும் செய்யலாம். எதுவானாலும் நிற முறையை ‘இண்டெக்ஸ்டு’ என்று வையுங்கள். இந்த முறையில் ஒவ்வொரு பிக்சலும் நிறத்தைச் சேமிப்பதில்லை. தட்டில் எத்தனையாவது நிறம் என்ற எண்ணை மட்டும் வைத்திருக்கும். ஒன்பதாவது நிறம் தெரியாமல் நுழைய வழியே இல்லை.

ஏஸ்ப்ரைட்டில் ஒரு பொறி இருக்கிறது. இண்டெக்ஸ்டு ஃபைலில் 0-ஆவது இடம் இயல்பாகவே ஒளிபுகும் இடமாக எடுத்துக்கொள்ளப்படும். அடர் நிறம்தானே முதலில் என்று இருள் நீலத்தை அங்கே வைத்தால், வாசலுக்குப் பூசிய இருட்டெல்லாம் ஓட்டையாகிவிடும். 0-ஐக் காலியாக விட்டு, நிறங்களை 1-இலிருந்து அடுக்குங்கள். மேலே பட்டியல் 1-இல் தொடங்குவதும் அதனால்தான்.

கிம்ப்பில் ‘இமேஜ் – மோட் – இண்டெக்ஸ்டு’ போய், ‘கஸ்டம் பேலட்’ என்பதில் நீங்கள் செய்துவைத்த தட்டைக் கொடுக்க வேண்டும். அந்தப் பெட்டியிலேயே பயன்படாத நிறங்களை நீக்கும் டிக் ஒன்று இருக்கும். வெற்றுக் கேன்வாஸில் அதை எடுக்காமல் விட்டால், இன்னும் வரையாத ஏழு நிறங்களும் காணாமல் போகும். வரைய பிரஷ் வேண்டாம், பென்சில் கருவிதான். பிரஷ் ஓரங்களை மென்மையாக்கப் பார்க்கும்; எட்டு நிறத்துக்குள் அந்த மென்மைக்கு இடம் இல்லாததால், கோட்டின் ஓரம் எலி கடித்த மாதிரி நிற்கும். தேர்வுக் கருவிகளிலும் எழுத்துக் கருவியிலும் ஓரத்தை மென்மையாக்கும் ஆன்டி-அலையஸிங், ஃபெதர் இரண்டையும் அணைத்துவிடுங்கள்.

பெரிய பரப்புகள்

முதல் சுற்றில் ஐந்து பரப்பு, ஐந்து நிறம். தரைக்கு 3, சுவருக்கு 6, வாசலுக்கு 1, தூரத்து மரத்துக்கு 4, வானத்துக்கு 8. சுண்ணாம்புச் சுவர் வெள்ளைதானே, எதற்குச் சாம்பல் நீலம் என்று தோன்றலாம். நிழலில் இருக்கும் வெள்ளைச் சுவர் வானத்தின் நீலத்தைத்தான் வாங்கிக்கொள்ளும். வெயில் நேரே படும் ஒரு சாய்ந்த பட்டைக்கு மட்டும் 8. அந்தப் பட்டை வந்ததும் மீதிச் சுவர் வெள்ளையாகவே படும். நீலம் என்று யாருக்கும் தோன்றாது.

இந்த நிலையில் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, போனின் போட்டோ எடிட்டரில் சாச்சுரேஷனை (நிறச் செறிவை) அடிவரை இறக்கிப் பாருங்கள். கறுப்பு வெள்ளையில் எது எது என்று புரிந்தால் தொடரலாம். புரியவில்லை என்றால் நுணுக்கம் எதுவும் காப்பாற்றாது. பரப்புகளின் நிறத்தை மாற்றிப் போடுங்கள். இந்தச் சோதனையை அரை மணிக்கு ஒருமுறை செய்வது நல்ல பழக்கம். சிவப்பு–பச்சை வேறுபாடு தெரியாதவர்களுக்கும் படம் புரியுமா என்பதற்கு இது ஓரளவு பதில் சொல்லிவிடும்.

செம்பு

செம்பை எங்கே வைப்பது? சுவருக்கு முன்னால் முழுசாக வைத்தால் சிக்கல். பித்தளையின் வெளிச்சம் 139, சுவர் 165. நிறத்தில் பிரிந்து தெரிந்தாலும் கறுப்பு வெள்ளைச் சோதனையில் செம்பின் ஓரம் சுவரில் கரைந்துவிடும். சுற்றிலும் கறுப்புக் கோடு போட்டுத் தப்பிக்கத் தோன்றும். அதைவிட இடத்தை மாற்றுவது மேல். வாசல் நிலையோரம் வைத்து, இடது பாதிக்குப் பின்னால் சுவரும், வலது பாதிக்குப் பின்னால் வாசல் இருட்டும் வருமாறு நகர்த்துங்கள். இடது ஓரத்தை அடர்த்தியாகவும் வலது ஓரத்தை வெளிச்சமாகவும் வைத்தால் கோடே தேவையில்லை.

வயிற்றின் அகலமான இடத்தில் செம்பு 24 பிக்சல். அந்த ஒரு வரிசையை மட்டும் இடமிருந்து வலமாக இப்படிப் போடுங்கள்: 3-இல் இரண்டு பிக்சல், 5-இல் மூன்று, 7-இல் மூன்று, 8-இல் இரண்டு, மறுபடி 5-இல் ஐந்து, 3-இல் நான்கு, 2-இல் நான்கு, கடைசி ஒரு பிக்சல் 5. இரண்டு இடங்களில் ஏணியில் படி தாண்டியிருக்கிறோம். 8-லிருந்து நேரே 5-க்குக் குதித்தது ஒன்று. விளிம்பில் 2-லிருந்து 5-க்குப் போனது இன்னொன்று. பளபளப்பு அந்தத் தாவலில்தான் இருக்கிறது. படி தாண்டாமல் 3, 5, 7, 5, 3, 2 என்று ஏறி இறங்கினால், இதே நிறங்களில் மண்பானை வந்துவிடும். பித்தளை வரவில்லை என்று ஆறு மஞ்சள் தேடி அலைபவர்கள் பார்க்க வேண்டிய இடம் இது.

மேலும் கீழும் வரிசை குறுகும்போது பட்டைகளையும் அதே விகிதத்தில் குறுக்குங்கள். ஓரத்து ஒற்றைப் பிக்சலை மட்டும் கடைசிவரை விடாதீர்கள். கழுத்து உள்வாங்கும் இடத்தில் ஒரு வரிசை முழுக்க 2. வாய் விளிம்பில் 7, அதில் இடப்பக்கம் இரண்டு பிக்சல் 8. அடியில் தரைமேல் விழும் நிழலுக்கு 2. வெயில் இடமிருந்து வருவதால் நிழல் வலப்பக்கம் நீளும். அது செம்பின் அடியைத் தொட்டே தொடங்க வேண்டும். ஒரு பிக்சல் இடைவெளி விட்டாலும் செம்பு அந்தரத்தில் மிதக்கும்.

இந்த இடத்தில் பலரும் செய்வது, வெளிக்கோட்டிலிருந்து நடுவை நோக்கி வட்டம் வட்டமாக வெளிச்சத்தைக் கூட்டிக்கொண்டே போவது. பஞ்சு அடைத்த தலையணை மாதிரிதான் இருக்கும். வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்ற கேள்விக்கு அந்தச் செம்பிடம் பதில் இருக்காது.

வளைந்த ஓரங்களில் படிக்கட்டு தெரிந்தால், படிகளின் நீளத்தைப் பாருங்கள். 5, 3, 2, 1, 1 என்று ஒழுங்காகக் குறைந்தால் கண் அதை வளைவாக எடுத்துக்கொள்ளும். 5, 2, 3, 1 என்று தடுமாறினால் பள்ளமாகத் தெரியும்.

புள்ளி கலந்து புது நிறம்

இரண்டு நிறங்களைச் சதுரங்கப் பலகை மாதிரி மாற்றி மாற்றி வைத்தால், தள்ளி நின்று பார்க்கும் கண்ணுக்கு நடு நிறம் ஒன்று தெரியும். டிதரிங் என்பது இதுதான். இங்கேதான் 3-ஐயும் 4-ஐயும் ஒரே வெளிச்சத்துக்குப் பக்கத்தில் வைத்ததன் பலன். செங்கலும் நீலப்பச்சையும் சரிபாதி கலந்தால் (99, 87, 85) என்ற சராசரி வரும். அதாவது தட்டில் இல்லாத ஒரு கருஞ்சாம்பல். வெளிச்சம் ஏறக்குறைய ஒன்றே என்பதால் கட்டங்கள் உறுத்தாமல் கலந்துவிடும். வாசற்படிக் கல்லுக்கு அதைப் பயன்படுத்துங்கள். செங்கல் தரைக்குப் பக்கத்தில் அந்தச் சாம்பல் லேசாக நீலம் பாய்ந்த கல்லாகவே தோன்றும். சூடான நிறத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சாம்பலைக் கண் குளிர்ச்சிப் பக்கம் தள்ளும். இதே வேலையை 1-க்கும் 8-க்கும் நடுவே செய்து பார்த்தால் கொசுவலைதான் மிஞ்சும்.

அளவையும் மனதில் வையுங்கள். 10 மடங்கு பெரிதாக்கிய படத்தில் ஒவ்வொரு பிக்சலும் தனிக் கட்டமாகத் தெரியும். எவ்வளவு நல்ல கலவையும் ஓரளவு பின்னலாகவே நிற்கும். மூன்று, நான்கு மடங்கில் காட்டப்போகும் படத்தில் தாராளமாகப் புள்ளி கலக்கலாம். இந்தத் திண்ணையில் கல்லோடு நிறுத்திக்கொள்வது உசிதம். செம்பில் ஒரு இடத்தில்கூட வேண்டாம். பித்தளைக்குச் சொரசொரப்பு வந்துவிடும்.

புகைப்படத்திலிருந்து தொடங்கினால்

வரைய நேரமில்லை, போட்டோவை மாற்றினால் போதும் என்பவர்களுக்கு வரிசைதான் முக்கியம். தேவையானதை மட்டும் வெட்டுங்கள், கான்ட்ராஸ்டை ஏற்றுங்கள், சிறிதாக்குங்கள், அதற்குப் பிறகு இண்டெக்ஸ்டுக்கு மாற்றுங்கள். முதலில் மாற்றிவிட்டுப் பிறகு சிறிதாக்கினால் புள்ளிக் கோலம் குலைந்து அலை அலையாக வரி விழும்.

நிறத்தை நிரலே தேர்ந்தெடுக்க விட்டால், பரப்பு அதிகம் உள்ள நிறத்துக்குத்தான் இடம் கிடைக்கும். பெண்ணின் முகப் படத்தில் நெற்றிக் குங்குமம் இருபது பிக்சல்தான் இருக்கும். எட்டு இடத்துக்கான போட்டியில் அது தோற்று, பக்கத்துப் பழுப்போடு சேர்ந்துவிடும். பார்ப்பவர் கண் முதலில் தேடுவதோ அந்தப் பொட்டைத்தான். எனவே ஏழு நிறத்தை நிரலிடம் கேளுங்கள். எட்டாவதாகக் குங்குமச் சிவப்பை நீங்களே சேர்த்து, அந்தத் தட்டையே கஸ்டம் பேலட்டாகக் கொடுத்து மறுபடி மாற்றுங்கள்.

டிதரிங் வகையில் ஃபிளாய்ட்–ஸ்டெய்ன்பெர்க் என்று ஒன்று இருக்கும். 1976-இல் வந்த முறை. ஒரு பிக்சலுக்குச் சரியான நிறம் கிடைக்காதபோது, வந்த பிழையை 16 பங்காக்கி வலப்பக்கம் 7, கீழே இடது 3, நேர் கீழே 5, கீழே வலது 1 என்று அக்கம்பக்கத்துக்குப் பகிர்ந்துவிடும். நிலைப்படத்துக்கு, அதிலும் முகத்துக்கு, இதைவிட நல்லது தேட வேண்டாம். அசையும் ஜிஃப்புக்கு மட்டும் வேண்டாம். ஒரு ஃபிரேமில் ஒரு பிக்சல் மாறினாலே பிழை வேறு வழியில் ஓடி, அசையாத சுவர்கூட எறும்பு மொய்ப்பது போல நெளியும். ஒரே நிறம் தொடர்ந்து வரும் வரிசைகளைத்தான் ஜிஃப் நன்றாகச் சுருக்கும் என்பதால் ஃபைலும் வீங்கும். அங்கே ‘பொசிஷன்ட்’ அல்லது ‘ஆர்டர்டு’ என்று இருப்பதை எடுங்கள். கோலம் ஒரே இடத்தில் நிற்கும்.

பகலை இரவாக்குவது

இண்டெக்ஸ்டு முறையின் பெரிய லாபம் இது. தட்டில் ஒரு நிறத்தை மாற்றினால், அந்த எண் உள்ள பிக்சல் எல்லாம் ஒரே நொடியில் மாறும். 6-ஐ அடர் நீலமாகவும் 3-ஐ ஊதாவாகவும் இறக்கினால் திண்ணைக்கு இரவு வந்துவிடும். ஆனால் 8-ஐத் தொட்டால் தடுமாற்றம். வானத்துக்கும் செம்பின் பளபளப்புக்கும் ஒரே 8. வானத்தை இருட்டாக்கினால் செம்பும் அணையும். இதற்குப் பழைய வழி ஒன்று உண்டு: வரையும்போதே 9-ஆவது இடத்தில் அதே பால் வெள்ளையை இன்னொரு முறை வைத்து, வானத்தை மட்டும் அதில் பூசுவது. பார்வைக்கு எட்டு நிறம்தான், தட்டில் ஒன்பது இடம். இப்படிச் செய்த ஃபைலை ஆர்ஜிபிக்கு (பிக்சலே நிற மதிப்பை வைத்திருக்கும் முறைக்கு) மாற்றி மறுபடி இண்டெக்ஸ்டுக்குக் கொண்டுவராதீர்கள். ஒரே மதிப்புள்ள இரண்டு இடமும் ஒன்றாகி, பிரித்து வைத்த வேலை போய்விடும்.

சேமிப்பதும் அனுப்புவதும்

மூலத்தை 96×64 அளவிலேயே தனியாக வைத்துக்கொள்ளுங்கள். பிரதி எடுத்துப் பெரிதாக்கும்போது, இடைப் பிக்சல்களின் நிறத்தைத் தீர்மானிக்கும் இன்டர்போலேஷனை ‘நன்’ அல்லது ‘நியரஸ்ட் நெய்பர்’ என்று வைத்து, முழு எண் மடங்காக மட்டும் ஏற்றுங்கள். ஒன்றரை மடங்கு என்றால் சில பிக்சல் ஒரு கட்டம், சில இரண்டு கட்டம் என்று செம்பின் வயிறு கோணும்.

பிஎன்ஜியில் சேமியுங்கள். எட்டு நிறத்துக்கு 3 பிட் போதும். ஆனால் பிஎன்ஜியின் தட்டுமுறை 1, 2, 4, 8 பிட்களை மட்டுமே ஏற்கும் என்பதால் 4 பிட் ஆகும். சுருக்குவதற்கு முன்பே 3,072 பைட்தான்; 24 பிட் நிறத்தில் அதே படம் 18,432 பைட். நாலு பிட்டில் 16 இடம் இருப்பதால், இரவுக்காகச் சேர்த்த ஒன்பதாவது இடம் ஒரு பைட்கூடப் பிக்சல்களில் கூட்டாது.

ஜேபெக் பக்கமே போகாதீர்கள். அது படத்தை 8×8 கட்டமாக வெட்டி அலைகளாக்கிச் சுருக்குவதால், கூர்மையான ஓரம் ஒவ்வொன்றைச் சுற்றியும் தூசி படியும். எட்டு நிறம் நூற்றுக்கணக்கில் பெருகும். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினாலும் இதே கதிதான். ஃபைலாக, அதாவது ‘டாக்குமென்ட்’ வழியாக அனுப்புங்கள். போய்ச் சேர்ந்ததைத் திறந்து ஒருமுறை நிறங்களை எண்ணிப் பாருங்கள். கிம்ப்பில் ‘கலர்ஸ் – இன்ஃபோ – கலர்கியூப் அனாலிசிஸ்’ அதைச் சொல்லிவிடும். எட்டுக்கு மேல் காட்டினால், பெரிதாக்கும்போது இன்டர்போலேஷனைக் கோட்டைவிட்டிருக்கிறீர்கள், அல்லது நடுவில் எங்கோ ஜேபெக் புகுந்திருக்கிறது.